வாசித்ததைப் பிறர்க்குச் சொல்லல்

இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் எம்மிடம் வந்தார். எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். இன்று பெரிய உத்தியோகத்தில் இருப்பவர். "எதைப் பற்றியும் எழுதும். ஆனால் எங்கடை ஆக்கள் வாசிக்கக் கூடியதாய் இருக்கவேணும்" என்றார். "அது கிடக்கட்டும். நீர் இப்ப என்ன புத்தகம் வாசிக்கிறீர்?" என்று நாம் கேட்டோம். நண்பர் சிரித்தார். "வாசிக்க எங்கை ஐசே நேரம்?" என்றார். பின்னர் சிறிது பொழுது பேசாதிருந்துவிட்டு, தம் மனைவியார் இரவிலே ஒரு நாவல் வாசிப்பதாகவும், அதில் வரும் ஒரு கிழவியின் கதையைத் தமக்குச் சொன்னதாகவும், அக்கிழவி தம்முடைய அப்பாச்சியைப் போலவே வாசலிற் பாயைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவோரையெல்லாம் விசாரணை செய்பவள் என்றும் கூறத் தொடங்கினார். கூறி முடிக்க அரை மணி நேரமாயிற்று. தேநீர் ஆறிப்போயிற்று. நூலின் பெயர் அவர்க்குத் தெரியாது. ஆயினும் அதனைத் தேடி வாசிக்கவேண்டுமென்னும் அவா எமக்கு உண்டாகிவிட்டது. இக்கட்டுரைக்குப் பொருளும் அவ்விடத்திலேயே கிடைத்துவிட்டது.

ஒருவர் தாம் வாசிக்கும் நூலைப் பற்றி இன்னொருவர்க்குச் சொல்லுதல் பொழுதுபோக்குப் பேச்சென்றே பெரும்பாலும் எண்ணப்படுகின்றது. அஃது அத்துணை இலேசான செயலன்று. அவ்வாறான பேச்சொன்று தமிழிலக்கிய வரலாற்றின் போக்கையே மாற்றியுள்ளது. 1880 ஆம் ஆண்டிலே கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன நூல்கள் படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவினார். ஐயர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பல்லாண்டு பாடங்கேட்டவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணம் என்று தாம் படித்தவற்றை அடுக்கிச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டோ என்று கேட்டுச் சீவகசிந்தாமணியின் பெயரைச் சொன்னார். பெரும்புலவரிடம் பயின்ற ஐயர்க்கு அது புதிய செய்தியாயிருந்தது. அன்று நாணமடைந்த ஐயர் அந்நூலைத் தேடிக் கற்று, 1887 இல் அதனை அச்சிட்டார். பின் பத்துப்பாட்டும், சிலப்பதிகாரமும், புறநானூறும், 1898 இல் மணிமேகலையும் வெளிவந்தன. எமது சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அதே 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தமையையும் ஈண்டு நினைத்தல் தகும்.

இவ்வரலாற்றை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர் பலரும் இவ்வளவில் நிறுத்திவிடுவர். இதன் பின் நிகழ்ந்ததே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. சிந்தாமணி சமண நூலாதலின் அதன் பொருள் ஐயர்க்குப் பலவிடங்களிற் புலப்படவில்லை. கும்பகோணத்துச் சமணர் வீடொன்றுக்குச் சென்றார். அங்கே தோரணங் கட்டி விழாக் கொண்டாடிக்கொண்டிருந்தனர். யாது விசேடமெனக் கேட்டபொழுது, தாம் கூடியிருந்து படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியது என்று விடை வந்தது! கற்றோர் பெயரும் அறியாத நூலை, அடுத்த தெருவில் ஒருவர் படிக்கப் பலர் இருந்து கேட்டுக்கொண்டிருந்தனர். ஏடு எங்கெங்கோ கிடந்திருக்கலாம். நூல் உயிரோடு இருந்தது அவர்கள் வாயிலும் செவியிலுமேயாம்.

யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு இது வியப்பன்று. எமது கோயில்களிலே கந்தபுராண படனம் நடைபெறுதலைச் சிறுவயதிற் கண்டு வளர்ந்தோம். இக்கால மாணவர் பலர் அதனைக் கண்டிராராதலின் சிறிது விரித்துரைப்போம். கோயில் மண்டபத்திலே பாய் விரித்து, நடுவிற் குத்துவிளக்கேற்றி, பட்டில் வைத்த புராணத்தைப் பலகையின்மேல் வைப்பர். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். சீர் பிரித்து வாசிப்பதா, பொருளுக்கேற்பச் சொற்பிரித்து வாசிப்பதா என்பதிலேயே அவருடைய திறமை விளங்கும். மற்றொருவர் பயன் சொல்வார். பயன் சொல்லுதல் என்பது பதவுரை சொல்வது மாத்திரம் அன்று. சொல்லுக்குப் பொருள் கூறி, கதையை நடத்தி, இடையிடையே பிற நூல்களிலிருந்து எடுத்துக்காட்டித் தம் ஊர்ச் செய்தியையும் உரிய இடத்திற் கலந்து சொல்வார். சூரபன்மன் அரசு செய்யும் சிறப்பைச் சொல்லுமிடத்து எவர் வீட்டு மதிலை அவர் நினைத்துச் சொல்கின்றார் என்பது கேட்போர் எல்லாருக்கும் விளங்கும். மதிலுக்குரியவரும் அங்கேதான் இருப்பார்.

கச்சியப்ப சிவாசாரியாரின் அந்நூல் 10,000க்கு மேற்பட்ட செய்யுட்களையுடையது. அதனைத் தனியே இருந்து முற்றும் வாசித்தவர் ஊருக்கு எத்தனை பேர் இருந்திருப்பர்? கேட்டவரோ நூற்றுக்கணக்கினர். எழுத்தறியாத கமக்காரனும், அடுக்களையை ஒதுக்கிவிட்டு வந்து தூணோரம் இருந்த ஆச்சியும் சூரபன்மனுடைய அமைச்சர் என்ன கூறினர் என்பதைச் சொல்ல வல்லவராயிருந்தனர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தவர் வாழ்வைக் 'கந்தபுராண கலாசாரம்' என்றது இதுபற்றியே. மார்கழியில் திருவெம்பாவைக் காலத்துத் திருவாதவூரடிகள் புராணமும், கார்த்திகையிற் பிள்ளையார் கதையும் அவ்வாறே படிக்கப்பட்டன. இன்றும் பல கோயில்களிற் படிக்கப்படுகின்றன. படனம் முடிந்து வீடு திரும்பும் வழியிலேதான் இரண்டாவது படனம் தொடங்கும். "இண்டைக்கு அவர் சொன்ன பயன் பிழை" என்று ஒருவர் ஒழுங்கையிலே தொடங்குவார். படலை மட்டும் அந்த வழக்கு நடைபெறும். எமது பேரனார் அவ்வாறு வழக்காடுவோரில் ஒருவர். அவர் பள்ளியிற் கற்றது ஐந்தாம் வகுப்பு வரையுமே.

நன்னூலை எழுதிய பவணந்தியார் இதனை நன்கறிந்திருந்தார். ஆசிரியர் சொல்வதைச் செவ்வையாகக் கொண்ட மாணவனும் புலமையிற் காற்பங்கையே பெறுவான் என்றும், உடன் பயில்வாரோடு பழகுதலால் இன்னொரு காற்பங்கு வரும் என்றும், எஞ்சிய அரைப்பங்கும் தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைத்தலாலேயே நிரம்பும் என்றும் அவர் கணக்கிடுகின்றார். ஆசிரிய கலாசாலையில் நாம் பயின்ற காலத்து இச்சூத்திரத்தைப் பரீட்சைக்காக மனனஞ் செய்தோம். அரைப்பங்கு என்பது எத்துணைப் பெரிய கணக்கு என்பது பின்னர் வகுப்பறையில் நின்றபொழுதே எமக்கு உறைத்தது. திருவள்ளுவரும் கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்லமாட்டாதாரை மணமில்லாத பூங்கொத்துக்கு ஒப்பிட்டார்.

அச்சியந்திரம் வந்தபின் நிலைமை மாறியது. வண்ணார்பண்ணையில் 1848 இற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுகநாவலர், அடுத்த ஆண்டிலேயே அச்சுக்கூடமும் நிறுவினார். பெரியபுராணத்தை அவர் வசனமாக எழுதியதன் பயன், பயன் சொல்வார் ஒருவர் இல்லாத வீட்டிலும் எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் நாயன்மார் கதை நடக்கும் என்பதாயிற்று. தனியே இருந்து வாய்திறவாது வாசித்தல் என்னும் வழக்கம் எம்மிடையே சிறிது சிறிதாகவே வந்தது. வந்தபின்னும், வாசிகசாலைகள் அதனை முற்றாகத் தனிச்செயலாக விடவில்லை. பின்னாளிற் சனசமூக நிலையங்கள் எனப் பெயர்பெற்ற அவ்விடங்களிலே ஒரு வீரகேசரியும் ஒரு தினகரனும் வரும். 1959 இன் பின்னர் ஈழநாடும் வந்தது. ஒரு பத்திரிகை நான்காகப் பிரிந்து நால்வர் கையில் இருக்கும். முதற்பக்கத்தைப் பெற்றவர் உரக்க வாசிப்பார். ஏனையோர் தத்தம் பக்கத்தை வாசித்துக்கொண்டே அவர்க்கு மறுமொழி சொல்வர். விளையாட்டுப் பக்கத்தை வைத்திருப்பவரிடமிருந்து அதனை வாங்குதல் மாத்திரம் எவராலும் இயலாது.

யாழ்ப்பாணப் பொது நூலகமும் இவ்வகையான பகிர்விலிருந்தே பிறந்தது. 1933 இல் க. மு. செல்லப்பா என்பார் தம் வீட்டிலே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கியதே அதன் வித்து. நகரின் நடுவே எழுந்த அழகிய கட்டடம் 1959 இல் திறக்கப்பட்டது. அதற்கு ஆலோசனை கூறியவர் நூலகவியலறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன், ஞானசம்பந்தர் அவதரித்த சீகாழியிற் பிறந்தவர். அவர் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று, எந்த நூலாயினும் அதற்குரிய வாசகர் ஒருவர் உளர் என்பது. அவ்வாசகரிடம் நூலைச் சேர்ப்பது யார்? நூலகர் பாதி வழி கொண்டுசெல்வார். மீதி வழியைப் பெரும்பாலும் வாசித்த ஒருவருடைய வாயே கொண்டுசெல்கின்றது.

1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அந்நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும் சாம்பராயின என்பர். நாம் அப்பொழுது பிறந்து சில மாதங்களே. ஆதலின் அந்நூலகத்தை நாம் அறிந்தது எமது பெரியம்மாவின் வாய்மொழியாகத்தான். அவர் அங்கே இரவல் எடுத்து வாசித்த நூல்களின் பெயர்களைச் சொல்வார். எந்த அலுமாரியில், எத்தனையாந் தட்டில், அட்டை எந்நிறம் என்றுஞ் சொல்வார். பின் கதையைச் சொல்வார். கதையில் அவர்க்கு மறந்துபோன இடங்களும் உண்டு. "அந்த இடம் எரிஞ்சு போச்சுது, பிள்ளை" என்று சிரித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குத் தாவுவார். சிறுவராகிய நாம் அச்சிரிப்பை அன்று வேடிக்கை என்று எண்ணினோம்.

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதொழிந்தது. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அக்காலத்தை அறிந்தவர்க்கு ஜாம் போத்தல் விளக்கை விளக்கவேண்டுவதில்லை. அறியாத இளையோர்க்காகச் சொல்கின்றோம். ஜாம் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சை இட்டு, பஞ்சு நனையுமளவுக்கு மாத்திரம் எண்ணெய் வார்த்து, ஒரு சிறு திரியை உள்ளே நிறுத்துவர். போத்தலே கண்ணாடிச் சிமினியாகவும் நின்று காற்றைத் தடுக்கும். அவ்வொளியில் ஒருவர் முகத்தை மற்றவர் காணலாம். இருவர் சேர்ந்து ஒரு பக்கத்தை வாசித்தல் அரிது. எமது வீட்டில் எண்மர், விளக்கு ஒன்று. பள்ளிப் பாடம் முடிந்தபின் திரி சுருங்குமுன் உள்ள சிறிது நேரத்தை என்ன செய்வது? பெரியம்மா விளக்கைத் தம்பால் இழுத்து வைத்துக்கொண்டு, பொன்னியின் செல்வனை உரத்து வாசிக்கத் தொடங்கினார். 1950 முதல் 1954 வரை கல்கி இதழிலே தொடராக வந்தபொழுது யாரோ பக்கம் பக்கமாகக் கிழித்தெடுத்துக் கட்டுவித்த பிரதி அது. ஐந்து பாகமும் எமது வீட்டுக்கு வந்துசேர எத்தனை கை மாறினவோ அறியோம். ஓரங்களிலே மூன்று வேறு கையெழுத்துக்களிற் குறிப்புக்கள் இருந்தன. ஒருவர் நந்தினியை ஏசியிருந்தார். இன்னொருவர் அவ்வேச்சை அடித்துவிட்டு, 'பாவம்' என்று எழுதியிருந்தார்.

வறுமையும் இருளும் வந்து எம்மைக் கோயில் மண்டபத்துக்கே திரும்பக் கொண்டுசென்றன என்று பின்னாளில் எண்ணியதுண்டு. ஒருவர் வாசிக்க எழுவர் கேட்டோம். அயல்வீட்டு மாமி, கேட்க வந்ததாகச் சொல்லாமல், நெருப்புப் பெட்டி இரவல் வாங்க வந்தவர்போல வந்து இருந்துவிடுவார். பெரியம்மா வாசிப்பும் பயனும் தாமேயாக நின்றார். கோடிக்கரையைப் பற்றி வந்தால், வேதாரணியம் எத்திசையில் உள்ளதென்று கையை நீட்டிக் காட்டுவார். திரி கருகும் நேரம் பார்த்து, கதை மும்முரமாயிருக்கும் இடத்தில் நூலை மூடுவார். அடுத்த நாள் முழுவதும் நாங்கள் அதனையே பேசித் திரிவோம்.

இரண்டாம் பாகத்தின் இறுதிப் பகுதிக்கு வந்துவிட்டோம். கடலிலே புயல்; மரக்கலத்தில் இடி விழுந்து பாய்மரம் தீப்பற்றி எரிகின்றது; வந்தியத்தேவன் அதன்மேல் இருக்கின்றான். அவ்விடத்திலே பெரியம்மா நூலை மூடிய இரவு, 1995 ஒக்ரோபர் மாதத்தின் கடைசி வாரத்தைச் சேர்ந்தது. 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டோம். மழை பெய்துகொண்டிருந்தது. நாவற்குழிப் பாலத்தினூடாக அன்றிரவு அடியடியாக நடந்தவர்கள் அதனை வாழ்நாளில் மறவார். எழுதியோர் பலர் உளராதலின் நாம் எழுதப் புகவில்லை. நூல்கள் வீட்டிலே கிடந்தன.

தென்மராட்சியில் ஒரு பாடசாலையின் வகுப்பறையொன்றை ஐந்து குடும்பங்கள் பகிர்ந்துகொண்டோம். வாங்குகளே சுவர். அடுத்த வாங்குக்கு அப்பால் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் தம் மனைவியாரோடு இருந்தார். அதிகம் பேசாதவர். ஓரிரவு எமது தம்பி, வந்தியத்தேவன் கப்பலில் வெந்துவிட்டானோ என்று பெரியம்மாவைக் கேட்டுக் கரைச்சல் கொடுத்துக்கொண்டிருந்தான். பெரியம்மாவுக்கு அன்று பேச மனமில்லை. வாங்குக்கு அப்பாலிருந்து, "இல்லை மோனை, அவன் சாகேல்லை. இளவரசர் கடலிலை குதிச்சு வந்து காப்பாத்தினவர்" என்று ஒரு குரல் கேட்டது.

இளமையிலே தபாற்கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், சந்தாதாரருக்கு வரும் கல்கி இதழின் கடதாசிச் சுற்றைக் கிழியாமற் கழற்றி, தொடர்கதையை மாத்திரம் வாசித்துவிட்டு மீண்டுஞ் சுற்றிவிடும் வித்தையைத் தாம் கற்றிருந்ததாக அவர் பின்னர் எமக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, அதனை நாம் ஒருவர்க்குஞ் சொல்லக்கூடாது என்றும் பணித்தார். அச்செயல் நிகழ்ந்து எழுபதாண்டளவு கடந்துவிட்டமையால் இப்பொழுது சொல்லலாம் என்று நினைக்கின்றோம். அன்று தொடங்கி, விளக்கே இல்லாத இருட்டில், மூன்றாம் பாகமும் நான்காம் பாகமும் ஐந்தாம் பாகமும் அவர் வாயாலே நடந்தேறின. அறையின் நாலு மூலையிலிருந்தும் பிள்ளைகள் வந்து குவிந்தனர். முதியோர் தூங்குபவர்போற் கிடந்து கேட்டனர். மூன்றாம் இரவில், வேறொரு வகுப்பறையிலிருந்தும் ஆட்கள் வந்து வாசலில் நின்றனர்.

நிற்க. இக்கால நிலையைச் சிறிது பார்ப்போம். ஒக்ரோபர் மாதம் எமது நாட்டிலே தேசிய வாசிப்பு மாதமாகக் கொள்ளப்படுகின்றது. அம்மாதத்திற் பாடசாலைகளிற் போட்டிகள் நடைபெறும். ஒருமுறை, பாடசாலையொன்றிலே வாசிப்பின் பயன் என்னும் பொருள்பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளை மதிப்பிட அழைக்கப்பட்டோம். முப்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகள். வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும் என்பது எல்லாவற்றிலும் இருந்தது. தான் வாசித்த நூலொன்றின் பெயர் ஒன்றிலேனும் இல்லை. பிள்ளைகள்மேற் குறைகூற எமக்கு வாயில்லை. அவர்களிடம் அதனை எவர் கேட்டோம்?

அதன்பின் எமது வகுப்பிலே ஒரு கொப்பியை நூற்கயிற்றாற் கட்டி அலுமாரிப் பிடியில் தொங்கவிட்டோம். விதி மூன்றே. வாசிக்கும் நூலின் பெயரை எழுதவேண்டும்; எந்தப் பக்கத்தில் நிற்கின்றீர் என்று எழுதவேண்டும்; இன்னொருவர்க்குச் சொல்லத் தோன்றும் ஒரு செய்தியை எழுதவேண்டும். முழுவதும் வாசிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புள்ளியும் இல்லை. முதல் இரண்டு வாரமும் கொப்பி வெறுமையாகவே தொங்கியது. பின் ஒரு மாணவன், வாக்கிய பஞ்சாங்கம் என்று எழுதினான். பகிடி என்று எண்ணி அழைத்துக் கேட்டோம். அவன் தன் அப்பப்பாவின் பஞ்சாங்கத்திலே கிரகணம் பற்றிய பக்கத்தை மெய்யாகவே வாசித்திருந்தான். எவ்வூரிற் தோன்றும், எவ்வூரிற் தோன்றாது என்பதைக் கரும்பலகையில் வரைந்துங் காட்டினான். வகுப்பு அன்று அவனிடம் கேட்ட கேள்விகளை நாம் ஓராண்டிற் பெற்றதில்லை. அன்றிலிருந்து கொப்பி நிரம்பலாயிற்று.

செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1973 இல் வெளிவந்த நாவல். நெடுந்தீவுக் கடற்கரையில் வாடி அமைத்துத் தொழில்செய்வோர் கதை. 1978 இற் படமாகவும் வந்தது. அதனை வாசித்த ஒரு மாணவியின் தந்தையார் கடற்றொழிலாளர். அவள் இரவிலே அவர்க்கு வாசித்துக் காட்டியிருக்கின்றாள். அவர் வலை பொத்திக்கொண்டே கேட்டு, வாடை எப்பொழுது பெயரும், சோளகம் எப்பொழுது எழும், எந்தக் காற்றுக்கு எந்த மீன் படும் என்றெல்லாம் இடையிடையே சொல்லியிருக்கின்றார். கொப்பியில் அவள் எழுதியது நாவலைப் பற்றி இரண்டு வரியும், தந்தையார் சொன்னதைப் பற்றி ஒன்றரைப் பக்கமும். இதுவன்றோ பயன் சொல்லுதல்!

ஒரு நூலைப் பற்றிப் பிறர்க்குச் சொல்வதில் நேரும் பிழைகளும் உள. அவற்றுள் முதன்மையானது மதிப்புக்காகச் சொல்லுதல். பழைய மாணவர் கூட்டங்களில் என்ன வாசிக்கின்றீர் எனக் கேட்டால், திருக்குறள் என்றும் கம்பராமாயணம் என்றும் விடை வரும். அவ்விடையோடு பேச்சு முடிந்துவிடும். தலையணையின் கீழ் இருப்பது தமிழ்வாணனின் சங்கர்லால் ஆக இருந்தால் அதனையே சொல்லுக. அறையிலுள்ள பாதிப்பேர் உடனே அருகே வந்துவிடுவர். கம்பராமாயணமேயாயினும், எந்தப் படலத்தில் நிற்கின்றீர், எவ்விடத்தில் நூலை மூடிவிட்டு எழுந்து நடந்தீர் என்று சொன்னாற் கேட்பவர்க்கு உறைக்கும். மற்றொரு பிழை, கதை முழுவதையும் ஒப்புவித்தல். பெரியம்மா திரி கருகுமுன் நூலை மூடியது எண்ணெயை நினைத்து மாத்திரம் அன்று. வாசித்து முடிக்க இயலாது விட்ட நூலைப் பற்றியும் கூசாது சொல்லலாம். நாம் கைவிட்ட ஒரு பெருநாவலை எமது சொற்கேட்டு எடுத்து வாசித்து, எம்மோடு இன்றுவரை வழக்காடுகின்ற ஆசிரியர் ஒருவர் உளர். இன்னுமொன்று: நூல் எவர்க்கு ஏற்றது என்று எண்ணிச் சொல்லவேண்டும். ஊரார் அனைவரும் வாசிக்கவேண்டும் என்று சொல்லப்படும் நூலை ஒருவரும் எடுப்பதில்லை. 'உமக்கு இது பிடிக்கும்' என்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அவர் அதனைக் கேட்டு வாங்குவார். திருப்பித் தருவாரா என்பது வேறு விடயம்.

எமது கல்லூரிப் பழைய மாணவருட் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். நூல் கிடைத்தற்கு அருமை என்ற குறை முன்போல இல்லை. 2005 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் பள்ளி மலர்களும் பல்லாயிரக்கணக்கிற் சேர்க்கப்பட்டுள்ளன. எவ்வூரிலிருந்தும் பணமின்றி வாசிக்கலாம். ஈழகேசரியையும், மறுமலர்ச்சியையும், டொமினிக் ஜீவா 1966 இலே தொடங்கித் தெருத்தெருவாகத் தாமே கொண்டு திரிந்து விற்ற மல்லிகையையும் கைத்தொலைபேசியிற் காணலாம். ஜீவாவிடம் இதழ் வாங்கியவர்கள், இதழோடு, சென்ற இதழிலே வந்த கதை பற்றிய ஒரு விசாரணையையும் சேர்த்தே வாங்கினர் என்பர். எண்ணிம நூலகம் அவ்விசாரணையைச் செய்யாது. அதனை நண்பர்க்கு நண்பரே செய்தல் வேண்டும். கனடாவில் இருக்கும் எமது வகுப்புத் தோழர் ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் அழைப்பார். முன்பெல்லாம் காணி விலையும் சுகவீனமும் பேசி வைத்துவிடுவோம். இப்பொழுது, அழைத்தவுடன் "என்ன வாசிக்கிறாய்?" என்பதே முதற்பேச்சு. காணிப் பேச்சுக்கு நேரம் போதாது போய்விடுகின்றது.

தென்மராட்சிக்குத் திரும்புவோம். 1996 இல் ஊர் மீண்டபொழுது எமது வீட்டுக்குக் கூரை இல்லை, நூல்களும் இல்லை. தபாலதிபர் குடும்பத்தார் எத்திசை சென்றனர் என்பதும் தெரியவில்லை. ஈராண்டின் பின்னர்ப் பொன்னியின் செல்வனின் ஐந்தாம் பாகம் எமக்கு இரவலாகக் கிடைத்தது. தெரிந்த கதைதானே என்று வாசித்துச் சென்றோம். இறுதியிலே மணிமேகலை இறந்துவிடுகின்றாள். நாம் திடுக்குற்றோம். தபாலதிபர் சொன்ன கதையில் அவள் இறக்கவில்லை. கடம்பூரை விட்டு நீங்கி, ஆற்றங்கரையிலே ஒரு மடத்தில் இருந்து பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தாள். அவர் மறந்து சொன்னாரா? சந்தாதாரருடைய இதழைத் திருட்டுத்தனமாகவேனும் நான்காண்டு விடாது வாசித்தவர் முடிவை மறப்பாரா? அன்றிரவு அவ்வறையிற் கேட்டுக்கொண்டிருந்தவர்களுள், வழியிலே தன் தமக்கையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த ஒரு சிறுமி இருந்தாள் என்பதை வெகுகாலத்தின் பின்னரே நினைத்தோம்.

பொன்னியின் செல்வன் 2022 இலும் 2023 இலும் திரைப்படமாக வெளிவந்தபின், எமது வகுப்பு மாணவர் சிலர் நூலைத் தேடத் தொடங்கினர். ஒருவன் ஐந்து பாகத்தையும் வாசித்து முடித்துவிட்டான். கொப்பியிலே பக்க எண்ணுக்கு நேரே 'முடிந்தது' என்று எழுதி, அதன் கீழ், "சேர், மணிமேகலை சாகத்தான் வேணுமோ?" என்று எழுதியிருந்தான். மறுநாட் பாடவேளையில் இலக்கணத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, வாங்குகளுக்கு அப்பாலிருந்து கேட்ட அக்குரலைப் பற்றி வகுப்புக்குச் சொன்னோம். மணி அடித்தபின்னும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "மடத்திலை அவ என்ன படிப்பிச்சவ, சேர்?" என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்.